படத்தில் தெரிவதும் தரவில் இருப்பதும்

கண்ணு,

திங்கட்கிழமை வடிவியல் தேர்வு, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று போனில் கேட்டாய். பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பி. உன் வகுப்பில் பலர் இந்நேரம் கைடைத் திறந்துவைத்து, கட்டம் கட்டிப் போட்டிருக்கும் ஐந்து மதிப்பெண் தேற்றங்களை உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள். நீ அதைச் செய்யாதே. வரலாற்றில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தும் தேறிவிடலாம். வடிவியலில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் நிற்கிறது. யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் எழுதிய 'எலிமென்ட்ஸ்' என்ற நூலின் முதல் புத்தகத்தில் 48 கூற்றுகள் உண்டு. பிதாகரஸ் தேற்றம் அதில் 47ஆவதாகத்தான் வருகிறது. அதை நிரூபிக்க எவையெல்லாம் வேண்டுமோ அவற்றை முதலில் நிரூபித்து வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் அங்கே வந்து சேர்ந்தார்.

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள். குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், நேர்க்கோணம், பின்வளைகோணம் என்று ஒவ்வொன்றாக உன் வாயாலேயே விளக்கம் சொல்லிப் பார். நிரப்புக் கோணங்கள் என்றால் கூட்டினால் 90 பாகை, மிகை நிரப்புக் கோணங்கள் என்றால் 180 பாகை. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லி மதிப்பெண்ணை இழந்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். கணக்கு வராதவர்கள் இல்லை அவர்கள். "அது தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போனவர்கள். சொல்லும்போது எந்த இடத்தில் உன் நாக்கு தடுமாறுகிறதோ அந்த இடத்தில் நில். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டு மறுபடி சொல். திறந்த புத்தகத்தை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தெரியுமா தெரியாதா என்பதை மூடிய புத்தகம்தான் சொல்லும்.

அடுத்தது இணைகோடுகள். இரண்டு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் எட்டுக் கோணங்கள் உண்டாகும். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மீதி ஏழும் தெரிந்துவிடும். ஒத்த கோணங்கள் சமம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஒரே பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து 180 பாகை. இவையெல்லாம் அந்த இரண்டு கோடுகளும் இணை என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டுமே. படத்தில் இணைபோலத் தெரிகின்றன என்பது போதாது. நான் உனக்குச் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வடிவியல் கேள்வி ஒவ்வொன்றிலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று தரவு, அதாவது கொடுக்கப்பட்டது. மற்றொன்று படம். படம் தரவைக் காட்டுவதற்காக வரைந்தது, அவ்வளவுதான். படத்தில் ஒரு கோணம் செங்கோணமாகத் தெரியலாம், இரண்டு பக்கங்கள் சமமாகத் தெரியலாம், ஒரு புள்ளி நடுவில் இருப்பதுபோலத் தெரியலாம். தரவில் எழுதியிருக்காவிட்டால், தரவிலிருந்து நீ நிரூபித்திருக்காவிட்டால், அதை எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. "ஒரு முக்கோணம்" என்று கேள்வி சொன்னால் பிள்ளைகள் கை தானாகவே சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்துவிடும். அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் நடுக்கோடும் குத்துக்கோடும் கோண இருசமவெட்டியும் ஒன்றாகிவிடும். கேள்வியில் இல்லாத செய்திகள் உன் கண்ணுக்குள் நுழைந்து உன்னைத் தவறான வழியில் இழுத்துப்போகும். அதனால் முக்கோணம் என்றால் அசமபக்க முக்கோணமாக, எந்தப் பக்கமும் எந்தக் கோணமும் சமமாகத் தெரியாதபடி வரை. நாற்கரம் என்றால் கோணலாக ஒன்றை வரை. செங்கோணம் என்று சொல்லியிருந்தால் அங்கே சின்னக் கட்டம் போடு. சமம் என்று சொல்லியிருந்தால் சிறு கோடுகள் இடு. சொல்லாததை வரையாதே.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பதை ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் காகிதம் கிழித்துக் காட்டியிருப்பார்கள். மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நேர்க்கோடு வரும். செய்து பார்க்க நல்ல வேலை. ஆனால் அது அந்த ஒரு முக்கோணத்துக்கு மட்டும்தான் சாட்சி, அதுவும் கண் அளவுக்கு. 179 பாகையாக இருந்திருந்தாலும் காகிதத்தில் உனக்குத் தெரிந்திருக்காது. நிரூபணம் வேறு வகை. உச்சிப்புள்ளி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்துகொள். அடியில் இருக்கும் இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்துவிடும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோணம். முடிந்தது. நீ வரைந்த முக்கோணத்துக்கும், நான் வரைந்ததற்கும், இனி பிறக்கப் போகிறவர்கள் வரையப் போவதற்கும் சேர்த்து இரண்டே வரியில் முடிந்தது. பல வருடம் கரும்பலகையில் இதைச் செய்திருக்கிறேன். அந்த இணைகோட்டை இழுக்கும் நொடி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

இப்போது சர்வசமம். பக்கத்துக்கு 'ப', கோணத்துக்கு 'கோ', செங்கோணம்-கர்ணம்-பக்கத்துக்கு 'செ-க-ப' என்று வைத்து ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப என்று நீ பாட்டாகப் பாடிவிடுவாய் என்று தெரியும். நான் கேட்பது வேறு. ப-ப-கோ ஏன் இல்லை? இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையில் அல்லாத ஒரு கோணமும் சமமாக இருந்தால் ஏன் போதாது? இதற்குப் பதில் உன் கவராயத்திலேயே இருக்கிறது. ஏபி 6 செ.மீ. வரை. ஏ முனையில் 30 பாகையில் ஒரு கதிரை நீளமாக இழு. பி-யில் கவராயத்தை ஊன்றி 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் போடு. அந்த வில் கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். இரண்டு முக்கோணங்கள். ஒன்று ஒல்லியாக, ஒன்று அகலமாக. கொடுத்த அளவுகள் மூன்றும் இரண்டுக்கும் பொருந்தும். அதே வில்லை 3 செ.மீ. ஆரத்தில் போட்டுப் பார். கதிரைத் தொட்டும் தொடாமலும் ஒரே இடத்தில் படும், அங்கே செங்கோணம் உண்டாகும். 2 செ.மீ. என்றால் எட்டவே எட்டாது. இதைச் சனிக்கிழமை ஒருமுறை கையால் செய்துவிட்டால் செ-க-ப விதிக்கு ஏன் செங்கோணம் வேண்டும் என்பதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கோ-கோ-கோவும் போதாது. வகுப்பில் கரும்பலகைக்கென்று ஆசிரியர் வைத்திருக்கும் பெரிய மரத்து மூலைமட்டத்துக்கும், உன் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்துக்கும் கோணங்கள் மூன்றும் ஒன்றுதான். அளவு வேறு. அவை வடிவொத்தவை, சர்வசமம் இல்லை.

கோ-ப-கோ விதியை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் முடிவாகிவிடும் என்பதுதானே அது. அந்த ஒரு செய்தியை நம்பி இந்தியாவையே அளந்தார்கள். வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வேலையைத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டிவைத்து, சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்டை அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி வைத்து அதற்கும் கணக்குப் பார்த்தார். அந்த ஒரு பக்கம் கைக்கு வந்ததும், அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மேடு ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தார். முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிட்டன. அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. ஆறும் காடும் குறுக்கே வந்தாலும் சங்கிலி போட வேண்டியதில்லை, பார்வை போனால் போதும்.

மேடில்லாத காவிரிச் சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்கள்தான் கிடைத்தன. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் தானே உட்கார்ந்து அதைப் பாகம் பாகமாகச் சரிசெய்து, மறுபடி அளக்கப் போனார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை போனபின், 1804-இல் அங்கே ஒரு கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளக்கச் செய்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில அங்குலம்தான் வித்தியாசம். கணக்கு சரியாக வந்ததைவிட, சரியா என்று பார்க்க அத்தனை பாடுபட்டாரே, அதுதான் பெரிது. தேர்வில் கடைசிப் பத்து நிமிடத்தில் நீ செய்ய வேண்டிய வேலையும் அதுதான். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கண்டுபிடித்தாயா, கூட்டிப் பார். 180 வராவிட்டால் எங்கேயோ பிசகு.

நாற்கரங்களுக்கு வருவோம். உங்கள் கொள்ளுத்தாத்தா கொத்தனார் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்கும்போது நான் கூடப் போய்க் கயிறு பிடித்திருக்கிறேன். மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் கயிற்றை நகர்த்துவார். பெரிய கட்டடம் என்றால் ஆறு, எட்டு, பத்து. நாலு பக்கமும் கயிறு கட்டியபின் எதிரெதிர்ப் பக்கங்களை அளப்பார். சமமாக இருந்தாலும் விடமாட்டார். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் தோண்டச் சொல்வார். எதிர்ப்பக்கங்கள் சமம் என்றால் அது இணைகரம், அவ்வளவுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்துகூட இருக்கலாம். மூலைவிட்டங்களும் சமமானால்தான் செவ்வகம். உன் புத்தகத்தில் இருக்கும் இரண்டு தேற்றங்களை அவர் வெயிலில் நின்று செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குக் கல்லூரியில் படிக்கும்போதுதான் உறைத்தது.

மூன்று, நாலு, ஐந்து என்று அவர் செய்தது பிதாகரஸ் தேற்றம் இல்லை, அதன் மறுதலை. செங்கோணம் இருந்தால் பக்கங்களின் வர்க்கங்கள் இப்படி இருக்கும் என்பது தேற்றம். வர்க்கங்கள் இப்படி இருந்தால் அங்கே செங்கோணம் இருக்கும் என்பது மறுதலை. யூக்ளிட் இதை 48ஆவது கூற்றாகத் தனியாக நிரூபித்து முதல் புத்தகத்தை முடிக்கிறார். ஒன்று உண்மை என்பதால் அதன் மறுதலையும் தானாக உண்மையாகிவிடாது, தனியாக நிரூபிக்க வேண்டும். சதுரமெல்லாம் செவ்வகம். செவ்வகமெல்லாம் சதுரம் இல்லை. சாய்சதுரமெல்லாம் இணைகரம். இணைகரமெல்லாம் சாய்சதுரம் இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் பிள்ளைகள் விழும் பள்ளம் இதுதான். பெரியவர்கள் விழும் பள்ளமும் இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் நடந்தது. சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளிடம் வசூலித்து ஆசிரியர் மேசையில் வைத்திருந்த பணம் காணாமல் போய்விட்டது. இடைவேளையில் கடைசியாக வகுப்பை விட்டு வெளியே வந்தவன் ஒரு பையன். வீட்டில் வறுமை, சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கும். அரைமணி நேரத்தில் பள்ளி முழுவதும் அவன்தான் எடுத்தான் என்று முடிவாகிவிட்டது. அவன் அப்பாவை அழைத்துவர ஆள் போகவிருந்தது. எனக்கு மூத்தவர், கணக்கு டீச்சர் ஒருவர், அறைக்குள் வந்து கேட்டார்: "நமக்குத் தெரிந்தது என்ன?" கடைசியாக வந்தான் என்றார்கள். "வேறு?" யாரிடமும் பதில் இல்லை. பணத்தை எடுத்தவர் அந்த அறையில் தனியாக இருந்திருக்க வேண்டும், சரி. அறையில் தனியாக இருந்தவர் பணத்தை எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் மறுதலை, அதை யார் நிரூபித்தது என்று கேட்டார். பையனின் சட்டையும் வீடும் படத்தில்தான் இருக்கின்றன, தரவில் இல்லை என்றார். ஆள் போகவில்லை.

அந்தப் பணம் கடைசிவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டினோம். தெரியாததைத் தெரியாது என்றே அந்த டீச்சர் விட்டுவிட்டார். அந்தப் பையன் அந்த வருடம் எங்களிடமே படித்துத் தேறி மேல்வகுப்புக்குப் போனான். அன்று அந்த ஆள் போயிருந்தால் அவன் மறுநாள் பள்ளிக்கு வந்திருப்பானா என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

உனக்கும் இது சின்ன அளவில் தினமும் நடக்கும். தோழி உன்னைத் தாண்டிப் போனாள், சிரிக்கவில்லை. தரவு அவ்வளவுதான். அவளுக்கு உன்மேல் கோபம், யாரோ உன்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் நீ வரைந்துகொண்ட படம். போய்க் கேள். கேட்கும்வரை முடிவு எழுதாதே.

வட்டத்துக்கு அதிக நேரம் வேண்டாம். ஒன்றை மட்டும் மனத்தில் வை: வட்டத்துக்குள் இரண்டு ஆரங்களைப் பார்த்தால் அங்கே ஓர் இருசமபக்க முக்கோணம் இருக்கிறது. மையத்தில் அமையும் கோணம் பரிதியில் அமையும் கோணத்தைப்போல இரண்டு மடங்கு என்பதும், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதும் அந்த இருசமபக்க முக்கோணத்திலிருந்து வருபவைதான்.

செய்முறை வடிவியலில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பென்சிலால்தான். முனை கூராக இருக்கட்டும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடுக்கிவை. உதவிப்படம் போட்டு அளவுகளைக் குறித்த பிறகுதான் உண்மையான படத்தில் கை வைக்க வேண்டும். வில்களை அழித்துவிடாதே, திருத்துகிறவர் அவற்றைத்தான் தேடுவார். ஒவ்வொரு அமைப்பையும் ஏன் என்று கேட்டுக்கொண்டே வரை. கவராயத்தால் 60 பாகை ஏன் வருகிறது? ஆரத்தை மாற்றாமல் மூன்று புள்ளிகளையும் குறித்ததால் அங்கே சமபக்க முக்கோணம் உட்கார்ந்திருக்கிறது. யூக்ளிடின் முதல் கூற்றே அதுதான். மையக்குத்துக்கோடு ஏன் நடுவில் செங்குத்தாக விழுகிறது? நாலு வில்லும் ஒரே ஆரம், அதனால் ஒரு சாய்சதுரம், அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக்கூறிடும். காரணம் தெரிந்தால் படிகளை மறந்தாலும் நீயே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு வராத ஒரு செய்தி. 180 பாகைக்கும் ஒரு தரவு உண்டு, அது சமதளம் என்பது. நாம் எழுதுவதே இல்லை, தாள் தட்டையாக இருப்பதால் தோன்றுவதே இல்லை. லாம்ப்டன் அளந்த முக்கோணங்கள் உருண்டையான பூமியின் மேல் கிடந்தன. அவற்றின் கோணங்கள் 180-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அந்தத் துளியைக்கூட அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் பிறகு படிக்காதே. சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. தேற்றம் எதையும் ஒப்பிக்கச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு கேள்வி, இப்போதே தந்துவிடுகிறேன். ஒரு நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. அது சாய்சதுரம்தானா? ஆம் என்றால் நிரூபணம் வேண்டும். இல்லை என்றால் ஒரு படம் வரைந்து வைத்திரு, அம்மாவின் போனில் எடுத்து அனுப்பு.

தாத்தா